உலகக் கிண்ண உதைபந்தாட்டமும் ‘தகுதி’ என்னும் கருத்தும்: கனகராயன்குளத்திலிருந்து ஒரு சமூக வரலாற்று நோக்கு

விளையாட்டுக்களின் வரலாறு தமிழ் ஆய்வுலகில் இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை. கூத்து, நாட்டார் பாடல், சாதியமைப்பு, காணியுறவு முதலியவற்றைச் சமூக வரலாற்றின் சான்றுகளாகக் கொள்ளப் பழகிய நாம், ஒவ்வொரு மாலையும் ஆயிரக்கணக்கான இளைஞரை வெளிக்கு அழைத்துவரும் உதைபந்தாட்டத்தைப் பத்திரிகையின் இறுதிப் பக்கத்துக்குரிய செய்தியாகவே கருதி வந்துள்ளோம். முற்போக்காளரிடையேயும் இது பற்றி இருவகை மனப்பாங்குகள் காணப்படுகின்றன. ஒரு சாரார், விளையாட்டு என்பது மக்களைப் போராட்டத்திலிருந்து திசைதிருப்பும் மயக்கப்பொருள் என்பர். மறுசாரார், தம் முற்போக்கைச் சிறிது நேரம் ஒருபுறம் வைத்துவிட்டு இரவிரவாக விழித்திருந்து ஆட்டத்தைப் பார்ப்பர். இரண்டும் ஆய்வாகா. திரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சியரான சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் கிரிக்கெட் பற்றி வெளியிட்ட நூலிலே, ஒரு விளையாட்டின் ஒழுக்கநெறியிலும் அணித் தெரிவிலும் காலனித்துவச் சமூகத்தின் இன, வர்க்க உறவுகள் எங்ஙனம் பதிந்துள்ளன என்பதைக் காட்டினார். அத்தகைய நோக்கு உதைபந்தாட்டத்துக்கும் வேண்டப்படுவதாகும்.

இக்கட்டுரை உலகக் கிண்ணப் போட்டியின் ஓர் உறுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இறுதிச் சுற்றுக்குச் செல்லும் நாடுகளைத் தெரிவுசெய்யும் தகுதிகாண் போட்டியே அது. ‘தகுதி’ என்பது ஆட்டத்திறனை மட்டும் குறிக்கும் நடுநிலையான சொல்லாகத் தோன்றினும், யார் யாரோடு மோதுவது, எத்தனை இடங்கள் எந்தக் கண்டத்துக்கு, எது ‘நாடு’ என ஏற்கப்படுவது என்பனவெல்லாம் ஆட்டம் தொடங்குமுன்னரே மைதானத்துக்கு வெளியே தீர்மானிக்கப்படுகின்றன. அத்தீர்மானங்களின் வரலாற்றைக் கனகராயன்குளத்திலிருந்து பார்ப்பதே இங்கு மேற்கொள்ளப்படும் முயற்சி.

கனகராயன்குளம் வவுனியா மாவட்டத்தின் வடபகுதியில், கண்டி – யாழ்ப்பாண வீதியில், புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே அமைந்த விவசாயக் கிராமம். குளமும் வயலும் காடும் சூழ்ந்தது. இப்பகுதியின் பெயர் தாங்கிய கனகராயன் ஆறு வடக்கே ஓடி இரணைமடுக் குளத்தைச் சேர்கிறது. அறுவடை முடிந்த வயலும், நீர் வற்றிய அலைகரையும், பாடசாலை வளவும் வன்னிக் கிராமங்களின் மைதானங்களாயின. உலகக் கிண்ணத்தைப் பற்றிப் பேச இவ்வூர் ஏன் என்று வினவலாம். ஒரு முறைமையின் இயல்பை அதன் உச்சியில் நிற்பவரைக் காட்டிலும் அதன் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் தெளிவாகக் காண்பர் என்பதே விடை.

1

நவீன உதைபந்தாட்டத்தின் விதிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுக்கூற்றில் இங்கிலாந்தின் மேற்குடிப் பாடசாலைகளிற் பயின்றோரால் வகுக்கப்பட்டன. சில பத்தாண்டுகளுள் அவ்விளையாட்டு ஆலைத் தொழிலாளர் கைக்கு மாறியது. சனிக்கிழமை அரைநாள் விடுமுறையும் புகையிரதமும் அம்மாற்றத்துக்குரிய பௌதிக அடிப்படைகளாயின. துறைமுகங்கள், புகையிரதப் பாதைகள், படைமுகாம்கள் வழியாக அது உலகெங்கும் பரவியது. இலங்கைக்கும் பிரித்தானியப் படையினரும் உத்தியோகத்தரும் அதனைக் கொண்டுவந்தனர். கொழும்புக் காலிமுகத் திடல் அதன் தொடக்கக் களங்களுள் ஒன்று.

சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா 1904 மே 21இல் பாரிசில் ஏழு ஐரோப்பிய நாடுகளின் சங்கங்களால் நிறுவப்பட்டது. பிரித்தானியச் சங்கங்கள் பின்னர் அதிற் சேர்ந்து, விலகி, மீண்டும் சேர்ந்தன. 1928இல் அவை விலகியமைக்கான காரணம் வர்க்க நோக்கில் முக்கியமானது. ஆட்டத்துக்காக வேலையிழக்கும் பயில்முறை ஆட்டக்காரருக்கு இழந்த கூலியை ஈடுசெய்தல் தகுமா என்பதே அன்றைய பிணக்கு. பிரித்தானியச் சங்கங்கள் தகாது என்றன. ஓய்வும் சொத்தும் உடையோனே ‘தூய’ விளையாட்டாளன் என்னும் கருத்து இதன் பின்னே நின்றது. கூலியை இழக்க இயலாதவன் தகுதியையும் இழந்தான். தகுதி என்னும் சொல்லின் முதல் வர்க்கச் சாயல் இதுவே எனலாம்.

பெண்கள் விடயத்தில் இது இன்னும் வெளிப்படையாய் இருந்தது. 1921இல் ஆங்கில உதைபந்தாட்டச் சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களிற் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. அத்தடை அரை நூற்றாண்டு நீடித்தது. பீபா பெண்களுக்கான முதல் உலகக் கிண்ணத்தை நடத்தியது 1991இலேதான்.

2

முதலாவது உலகக் கிண்ணம் 1930 யூலையில் உருகுவேயில் நடந்தது. அந்நாடு 1924, 1928 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் வெற்றியாளராய் இருந்ததோடு, தன் முதல் அரசியலமைப்பின் நூற்றாண்டையும் அவ்வாண்டு கொண்டாடியது. அம்முறை தகுதிகாண் போட்டி இருக்கவில்லை. அழைப்பை ஏற்று வந்த 13 அணிகளே ஆடின. பயணச் செலவையும் தங்குமிடச் செலவையும் ஏற்பதாக உருகுவே கூறியும், ஐரோப்பாவிலிருந்து பிரான்சு, பெல்ஜியம், ருமேனியா, யூகோசிலாவியா ஆகிய நான்கு அணிகளே கப்பலேறின. வாரக்கணக்காக நீளும் கடற்பயணத்துக்கு வேலைத்தலங்கள் விடுமுறை வழங்காமையும் ஒரு காரணம். ருமேனிய ஆட்டக்காரருக்கு விடுமுறை பெற்றுக்கொடுக்க மன்னர் இரண்டாம் கரோலே தலையிட வேண்டியிருந்தது. இறுதியாட்டத்தில் உருகுவே ஆர்ஜென்டீனாவை 4–2 என வென்றது.

1934இல் 32 நாடுகள் விண்ணப்பித்தன, இடங்களோ 16. தகுதிகாண் போட்டி இவ்வாறே பிறந்தது. போட்டியை நடத்திய இத்தாலியும் கிரேக்கத்தை வென்றே உள்நுழைய நேர்ந்தது. முசோலினியின் பாசிச அரசு அச்சுற்றைத் தன் பிரசாரக் களமாக்கியது. ஆபிரிக்காவிலிருந்து முதன்முதலாக எகிப்து வந்தது. 1938இல் பிரான்சில் நடந்த சுற்றுக்கு ஆசியாவிலிருந்து முதலிற் சென்ற அணி ஒல்லாந்தக் கிழக்கிந்தியா என்னும் காலனியின் பெயரைத் தாங்கிச் சென்றது. சீனத்தின்மீது போர் தொடுத்திருந்த யப்பான் விலகிக்கொண்டமையால் அவ்விடம் அதற்குக் கிடைத்தது. ஹங்கேரியிடம் 6–0 எனத் தோற்று ஒரே ஆட்டத்துடன் அது திரும்பிற்று. அதே சுற்றுக்குத் தகுதிபெற்றிருந்த ஒஸ்திரியா, நாசி ஜேர்மனி அந்நாட்டை விழுங்கியமையால் போட்டியிலிருந்தே மறைந்தது. ஆகவே இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே, மைதானத்துக்குள் யார் வருவது என்பதைப் பேரரசுகளும் படைகளும் தீர்மானித்தன என்பது மனங்கொள்ளத் தக்கது.

3

1950ஆம் ஆண்டு நமக்கு அண்மையானது. பிரேசிலில் நடந்த அச்சுற்றுக்கு ஆசியப் பிரிவில் இந்தியா, பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகியவை குறிக்கப்பட்டன. ஏனைய மூன்றும் விலகின. இந்தியா ஓர் ஆட்டமும் ஆடாமலே தகுதிபெற்றது. பின்னர் அதுவும் விலகிற்று. வெறுங்காலுடன் ஆட பீபா இசையாமையே காரணம் என்னும் கதை இன்றுவரை வழங்குகிறது. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியர் பலர் காலணியின்றி ஆடி, பிரான்சிடம் 2–1 என்றே தோற்றமை இக்கதைக்கு ஊட்டமளித்தது. அவ்வாட்டத்தில் இந்தியாவுக்குரிய ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன்.

வெறுங்கால் கதை இனிமையானது, ஆயின் போதாது. அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்தினர் ஒலிம்பிக்கையே உயர்ந்த களமாகக் கருதினர். உலகக் கிண்ணத்தை அவர்கள் பெரிதாக எண்ணவில்லை. பயில்முறை ஆட்டமே மேன்மையானது என்ற பிரித்தானிய மேற்குடிக் கருத்து, பிரித்தானியர் வெளியேறிய பின்னரும் சுதேச நிருவாகிகளின் உள்ளத்தில் குடியிருந்தது. அரசியல் விடுதலை பெற்ற வர்க்கமொன்று கருத்துலகில் காலனியாகவே தொடர்வதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை. இந்தியா 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது. 1956 ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. ஆயினும் உலகக் கிண்ணத் தகுதிகாண் களத்தில் அது முதலில் இறங்கியது 1985இல். திறன் மிக்கிருந்த காலத்தில் வாயிலுக்கே செல்லவில்லை. வாயிலுக்குச் சென்ற காலத்தில் திறன் தாழ்ந்திருந்தது.

4

1950களின் பிற்கூற்றிலிருந்து காலனி எதிர்ப்பு இயக்கம் உதைபந்தாட்டத்துக்குள்ளும் நுழைந்தது. 1958 ஏப்ரிலில், சுவீடன் உலகக் கிண்ணத்துக்குச் சில வாரங்கள் முன்னர், பிரெஞ்சுக் கழகங்களில் ஆடிய அல்ஜீரியர் சிலர் இரகசியமாகப் பிரான்சை விட்டு வெளியேறித் தேசிய விடுதலை முன்னணியின் அணியாகத் தூனிசில் ஒன்றுகூடினர். ரஷீத் மெக்லூபி, முஸ்தபா சித்தூனி ஆகியோர் பிரெஞ்சுத் தேசிய அணியிலேயே ஆடக்கூடியவராய் இருந்தவர்கள். பீபா அவ்வணியை ஏற்கவில்லை. நாடொன்று பிறக்குமுன்னரே அதன் அணி பிறந்துவிட்டமை பீபாவின் சட்டப் புத்தகத்துக்குள் அடங்காத நிகழ்ச்சியாயிற்று.

அதே 1958 சுற்றின் தகுதிகாண் போட்டியில், இஸ்ரேலுடன் ஆட மறுத்து இந்தோனேசியா, சூடான் முதலிய நாடுகள் விலகின. ஆடாமல் எவரும் தகுதிபெறலாகாது எனக் கொண்ட பீபா, ஐரோப்பியப் பிரிவில் ஏற்கெனவே வெளியேறிய வேல்சை அழைத்து இஸ்ரேலுடன் மோதவிட்டது. வேல்ஸ் தகுதிபெற்றது. 1950இல் ஆடாத இந்தியாவுக்குத் திறந்த கதவு எட்டாண்டுகளில் மூடப்பட்டது.

1966ஆம் ஆண்டுச் சுற்று இவ்வரலாற்றின் திருப்புமுனை. 16 இடங்களுள் ஆபிரிக்கா, ஆசியா, ஓசியானியா ஆகிய மூன்று பெரும் பிரதேசங்களுக்கும் சேர்த்து ஒரேயோர் இடம் ஒதுக்கப்பட்டது. ஐரோப்பா மட்டும் 10 இடங்களைப் பெற்றது. நிக்ருமாவின் கானா முன்னின்று எதிர்க்க, ஆபிரிக்க நாடுகள் கூட்டாகப் போட்டியைப் பகிஷ்கரித்தன. தென்னாபிரிக்காவின் நிறவெறிச் சங்கத்தை பீபா மீள ஏற்றமையும் அச்சினத்துக்கு ஒரு காரணம். எஞ்சிய வட கொரியாவும் அவுஸ்திரேலியாவும் 1965 நவம்பரில் புனொம் பென் நகரில் மோதின. வட கொரியா 6–1, 3–1 என வென்று இங்கிலாந்துக்குச் சென்றது. அங்கு பாக் டூ இக் போட்ட கோலால் இத்தாலியை 1–0 என வீழ்த்தியது. ‘தகுதியில்லை’ என ஒதுக்கப்பட்ட பிரதேசத்தின் ஒரே பிரதிநிதி இருமுறை உலகக் கிண்ணம் வென்ற நாட்டை வெளியேற்றியமை, ஒதுக்கீட்டின் நியாயத்தையே தகர்த்தது. 1970இல் ஆபிரிக்காவுக்குத் தனியிடம் கிடைத்தது. மொரோக்கோ அவ்விடத்தைப் பெற்றது. அவ்விடம் பகிஷ்கரிப்பினால் வென்றெடுக்கப்பட்டது.

தகுதிகாண் போட்டி போராகவும் மாறியதுண்டு. 1969இல் எல் சல்வடோரும் ஹொண்டுராசும் மோதிய ஆட்டங்களைத் தொடர்ந்து யூலை 14இல் மூண்ட போரை ‘உதைபந்தாட்டப் போர்’ என மேலைப் பத்திரிகைகள் அழைத்தன. அப்பெயர் உண்மையை மறைப்பது. எல் சல்வடோரின் நிலம் சில குடும்பங்களிடம் குவிந்திருந்தமையால் இலட்சக்கணக்கான விவசாயிகள் ஹொண்டுராசிற் குடியேறியிருந்தனர். ஹொண்டுராசின் காணிச் சீர்திருத்தம் பெருநிலவுடைமையாளரையும் வாழைக் கம்பனிகளையும் பெரிதும் தொடாமல், குடியேறிய ஏழைகளையே வெளியேற்றியது. வேறொரு தேசத்தின் உழைப்பாளியை ‘அந்நியன்’ எனக் காட்டி உள்நாட்டு நிலப்பிரச்சினையை மூடிமறைக்கும் இவ்வுபாயம் நமக்குப் புதிதன்று. 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1977இன் வன்செயலின் பின் வவுனியா மாவட்டக் குடியேற்றங்களுக்கு வந்துசேர்ந்த மலையகத் தமிழரின் வரலாற்றை அறிந்தோர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

1973 நவம்பர் 21ஆம் திகதி சந்தியாகோ நகரின் தேசிய மைதானத்தில் நடந்தது இன்னொரு வகையான தகுதிபெறுதல். செப்ரெம்பர் 11இன் இராணுவச் சதியின் பின் அம்மைதானம் தடுப்பு முகாமாகவும் சித்திரவதைக் கூடமாகவும் பயன்பட்டது. மொஸ்கோவில் நடந்த முதலாட்டம் கோலின்றி முடிந்திருக்க, குருதி படிந்த அம்மைதானத்தில் ஆடச் சோவியத் ஒன்றியம் மறுத்தது. பீபா தன் குழுவை அனுப்பிப் பார்வையிட்டபின் ஆட்டம் அங்கேயே நடைபெறலாம் என்றது. சிலி ஆட்டக்காரர் எதிரணியில்லாத மைதானத்தில் பந்தை உருட்டிச் சென்று வெற்றுக் கம்பத்துக்குள் இட்டனர். சிலி தகுதிபெற்றது. எங்கெல்லாம் மைதானங்கள் தடுப்பு முகாம்களாயினவோ, அங்கெல்லாம் இந்நிகழ்ச்சி நினைவுகூரப்பட வேண்டியது.

5

1974இல் பிரேசிலின் சோவோ ஹவலாஞ்ச் பீபாவின் தலைவரானமை மூன்றாம் உலக நாடுகளின் வாக்குகளால் நிகழ்ந்தது. அவர் இடங்களைக் கூட்டுவதாக வாக்களித்தார், கூட்டவும் செய்தார். 1982இல் 24 அணிகள், 1998இல் 32 அணிகள் என இறுதிச் சுற்று விரிந்தது. 2026ஆம் ஆண்டுச் சுற்றுக்கு 48 அணிகள் என விதிக்கப்பட்டது. அதில் ஆசியாவுக்கு 8 நேரடி இடங்களும் ஆபிரிக்காவுக்கு 9 இடங்களும் ஒதுக்கப்பட்டன. ஆயின் இவ்விரிவு பன்னாட்டுக் கம்பனிகளின் விளம்பரப் பணத்தோடும் தொலைக்காட்சி உரிமையோடும் கைகோத்தே வந்தது. ஆசிய, ஆபிரிக்க நாடுகள் பங்காளிகளாகவும் சந்தைகளாகவும் ஒரே வேளையில் உள்வாங்கப்பட்டன. இம்முரண்பாட்டின் ஒரு பக்கத்தை மட்டும் காண்பது பிழையாகும்.

இடவொதுக்கீடு திறமைக்கு மாறானது என்ற வாதம் ஐரோப்பாவில் அடிக்கடி எழுகிறது. 2022 வரை நடந்த 22 சுற்றுகளிலும் கிண்ணத்தை வென்ற நாடுகள் எட்டே. அவை யாவும் ஐரோப்பாவையோ தென்னமெரிக்காவையோ சேர்ந்தவை என்பது அவர்தம் சான்று. இவ்வாதம் நம் பல்கலைக்கழகச் சூழலுக்கு நன்கு பழக்கமானது. 1970களின் முற்பகுதியில் வந்த மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு எதிரான பாகுபாடு என்பதில் ஐயமில்லை. அதனைத் தொடர்ந்து வந்த மாவட்ட ஒதுக்கீட்டை அதனோடு ஒன்றாகவே வைத்து நோக்கும் வழக்கம் நம்மிடை வேரூன்றியது. யாழ்ப்பாணத்து மாணவருக்கு அது இழப்பாயிற்று என்பது மெய். ஆனால் ஆய்வுகூடமும் ஆசிரியரும் அற்ற வன்னிப் பாடசாலைகளின் மாணவருக்கு மாவட்ட ஒதுக்கீடே பல்கலைக்கழகத்தின் வாயிலைச் சிறிதேனும் திறந்தது என்பதும் மெய். சமனற்ற நிலைமைகளில் வாழ்வோரை ஒரே அளவுகோலால் அளப்பதைத் திறமைக்கு மதிப்பளித்தல் என்பது, வசதிக்கு மதிப்பளித்தலை அழகிய சொல்லால் மூடுவதேயாம். ஒதுக்கீடு மட்டும் அந்நிலைமைகளை மாற்றிவிடாது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

6

இனி இலங்கையை நோக்குவோம். இலங்கை உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் அமைந்தது. 1952இல் பீபாவிற் சேர்ந்தது. அவ்வாண்டே இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கும் மோதிய கிண்ணப் போட்டி கொழும்பில் தொடங்கியது. எனினும் உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் இலங்கை முதன்முதலாகக் களமிறங்கியது 1993இலேதான். யப்பான், ஐக்கிய அரபு அமீரகம், தாய்லாந்து, பங்களாதேசம் ஆகியவற்றுடன் ஆடிய எட்டு ஆட்டங்களிலும் தோற்றது. ஒரு கோலும் போடவில்லை. 1996இல் பிலிப்பைன்சை 3–0 என வென்றமை முதல் வெற்றி. 2006ஆம் ஆண்டுச் சுற்றுக்கான போட்டியில் லாவோசை வென்று அடுத்த கட்டத்துக்குச் சென்றது. 2007இல் கட்டாரிடமும் 2011இல் பிலிப்பைன்சிடமும் தோற்று முதற் கட்டத்திலேயே வெளியேறியது. 2015 மார்ச்சில், பீபா தரவரிசையின் கடைசியிடமாகிய 209இல் இருந்த பூட்டானிடம் கொழும்பில் 1–0 எனவும், திம்புவில் 2–1 எனவும் தோற்றது. 2019இல் மக்காவு, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின் கொழும்புக்கு வர மறுத்தமையால் இலங்கை அடுத்த கட்டத்துக்கு உயர்ந்தது. 2021 யூனில் லெபனானிடம் 3–2 எனத் தோற்ற ஆட்டத்தில், ஜேர்மனியிற் பிறந்த வசீம் ராசிக் இரு கோல்களையும் போட்டார். 2023 சனவரியில் நிருவாகத்திற் புறத்தலையீடு உண்டெனக் கூறி பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்டில் அத்தடை நீங்க, ஒக்டோபரில் யேமனிடம் 3–0 எனத் தோற்று, கொழும்பில் 1–1 எனச் சமன்செய்து, 2026ஆம் ஆண்டுச் சுற்றுக்கான பயணத்தை முடித்துக்கொண்டது.

இதன் பொறிமுறையை உன்னிப்பாக நோக்கல் வேண்டும். 2026ஆம் ஆண்டுச் சுற்றுக்கான ஆசியத் தகுதிகாண் போட்டியில், தரவரிசையின் அடியிலிருந்த 20 நாடுகள் முதலில் இருவிரண்டாக மோதின. வென்ற 10 நாடுகள் மேலிருந்த 26 நாடுகளுடன் சேர, 36 நாடுகள் ஒன்பது பிரிவுகளில் ஆறாறு ஆட்டங்கள் ஆடின. அவற்றுள் 18 நாடுகள் மூன்று பிரிவுகளில் பத்துப்பத்து ஆட்டங்கள் ஆடின. ஆறு நாடுகள் நேரே சென்றன. எஞ்சிய இடங்களுக்கு மேலும் ஒரு கட்டம் இருந்தது. முதற் கட்டத்தில் தோற்ற நாட்டுக்கோ நான்கு ஆண்டுகளில் உலகக் கிண்ணத்தின் பேரால் கிடைத்தது 180 நிமிட ஆட்டம் மட்டுமே. தரவரிசை ஆட்டங்களால் உயர்வது. ஆட்டங்களோ தரவரிசையால் கிடைப்பன. உடையவனிடமே மேலும் சேரும் மூலதனத்தின் இயல்பு இங்கும் தொழிற்படக் காண்கிறோம்.

சிறிய நாடுகள் இதனை மீறியதுண்டு. ஒன்றரை இலட்சம் அளவினரான மக்களைக் கொண்ட குராசாவ் 2025இல் தகுதிபெற்றது. ஆயின் அவ்வணியினர் பெரும்பாலும் ஒல்லாந்திற் பிறந்து அந்நாட்டுப் பயிற்சிக் கூடங்களில் உருவானவர். காலனித்துவம் ஏற்படுத்திய இடப்பெயர்வே அதன் பயன்களையும் ஓரளவு திருப்பியளித்தது.

7

இலங்கை அணியின் தோல்விகளைத் திறமைக் குறைவு என்று கூறி அமைவது எளிது. அவ்வணி எந்த இலங்கையின் அணி என்பதே வினா. 1993இல் அது யப்பானிலும் அமீரகத்திலும் ஆடியபோது, கனகராயன்குளம் உள்ளிட்ட வன்னிப் பெருநிலம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் அரசின் பொருளாதாரத் தடையின் கீழும் இருந்தது. மின்சாரம் இல்லை, எரிபொருளும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். 1990இல் நின்ற வடபகுதிப் புகையிரதம் யாழ்ப்பாணம் வரை மீண்டது 2014இலேதான். 1996இல் அவ்வணி தன் முதல் வெற்றியைப் பெற்ற ஆண்டில் கிளிநொச்சி நகரமே இடம்பெயர்ந்தது. 1997 மே 13இல் தொடங்கிய ஜயசிக்குறு படைநடவடிக்கையின்போது புளியங்குளம் முதல் மாங்குளம் வரையான வீதியும் அதன் இருமருங்குக் கிராமங்களும் போர்முனையாயின. 1998 யூன், யூலையில் பிரான்சில் 32 நாடுகள் ஆடிக்கொண்டிருந்தபோது கனகராயன்குளத்தின் வயல்களிற் பந்து உருளவில்லை.

2002இல் போர்நிறுத்தம் வந்து கண்டி வீதி திறந்தது. அவ்வாண்டின் உலகக் கிண்ணம் யப்பானிலும் தென் கொரியாவிலும் நடந்தமையால் ஆட்டங்கள் நமக்குப் பகலிலும் மாலையிலும் அமைந்தன. 2006இல் வீதி மூடப்பட்டது. 2008இன் இறுதிக் கூற்றில் ஊர் மீண்டும் பெயர்ந்தது. பெயர்ந்த மக்களுட் பலர் 2009இன் பின் செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2010 யூனில் ஆபிரிக்க மண்ணில் முதன்முதலாக உலகக் கிண்ணம் நடந்தபோது, வன்னியில் மீள்குடியேற்றம் முற்றுப்பெறவில்லை. மிதிவெடி அகற்றப்படும்வரை வயலிலும் வெளியிலும் பிள்ளைகள் கால் வைக்க இயலவில்லை. ஆட்டக்காரன் உருவாகும் பத்து முதல் இருபது வரையான வயதை எவ்விடத்தில் எவ்வாறு கழித்தனர் என்று கேட்டால், வன்னியின் ஒரு தலைமுறை முழுவதும் எந்தத் தகுதிகாண் போட்டிக்கும் அழைக்கப்படவேயில்லை என்பது புலனாகும். சிலியின் மைதானத்தில் எதிரணி இல்லாமலே கோல் போடப்பட்டது. நமது தேசிய அணியிலோ நாட்டின் ஒரு பகுதி இல்லாமலே தேசம் என்ற பெயர் வழங்கிற்று.

இதனை இன நோக்கில் மட்டும் காண்பதும் போதாது. யாழ்ப்பாணச் சமூகத்திலேயே கிரிக்கெட் மேற்குடிக் கல்லூரிகளின் அடையாளமாக வளர, உதைபந்தாட்டத்தின் உயிர்நிலை குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கடலோரத் தொழிலாளர் ஊர்களில் இருந்தது. மன்னாரின் கரையோரமும் அவ்வாறே; அங்கிருந்து டக்சன் பியூஸ்லஸ் போன்றோர் தேசிய அணியில் இடம்பெற்றனர். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவியர் அகில இலங்கைப் போட்டிகளிற் பெற்ற வெற்றிகளும் விவசாயக் கிராமங்களிலிருந்து வந்தவையே. வன்னி இவ்விரு வட்டங்களுக்கும் வெளியே, யாழ்ப்பாணத்துக்கும் பின்தங்கிய பிரதேசமாய், கொழும்புக்கோ கண்ணுக்கெட்டாத தொலைவாய் நின்றது. தேசிய ஒடுக்குமுறையும் பிரதேச ஏற்றத்தாழ்வும் வர்க்க ஏற்றத்தாழ்வும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்த இடம் இது.

8

போர் சிதறடித்த மக்கள் வேறு வழிகளிலும் மைதானத்தைத் தேடினர். புலம்பெயர்ந்த தமிழ் இளைஞர், பீபாவில் இடமில்லாத மக்களினங்களுக்கான கொனிபா அமைப்பின் உலகக் கிண்ணப் போட்டிகளில் தமிழீழ அணி என்னும் பெயரில் 2014இல் சுவீடனிலும் 2018இல் இலண்டனிலும் ஆடினர். வேல்சிற் பிறந்த ஈழத்தமிழ் இளைஞரான விமல் யோகநாதன் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்தில் தொழில்முறை ஆட்டக்காரராக உருவானார். 1958இன் அல்ஜீரியரை நினைவூட்டும் இம்முயற்சிகளுக்கு ஒரு வேறுபாடும் உண்டு. அல்ஜீரிய அணியின் பின்னே மண்ணில் நின்று போராடிய மக்கள் இருந்தனர். அணி அவர்களிடமே திரும்பிச் சென்றது. புலம்பெயர் அணியின் புகழ் வன்னியின் வயலுக்கு ஒரு கோல் கம்பத்தையேனும் கொண்டுவந்தால்தான் அத்தொடர்பு மெய்யாகும். மறுபுறத்தே, 2022 உலகக் கிண்ணம் நடந்த கட்டாரில் தென்னாசியத் தொழிலாளர் கொடும் வெயிலில் உழைத்தனர். மைதானங்களை எழுப்பிய அவ்வுழைப்பில் இலங்கைக் கிராமத்தவர் பங்கும் இருந்தது. நமது இளைஞரிற் சிலர் உலகக் கிண்ணத்தை மிக அண்மையிற் கண்டது கூலியாளாகவே.

9

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், உலகக் கிண்ணத்தின் தகுதிகாண் வரலாறு இருவேறு இயக்கங்களின் மோதலாகத் தெரிகிறது. ஒன்று, வாய்ப்புடையோருக்கே வாய்ப்பைப் பெருக்கும் இயக்கம். மற்றையது, 1966இன் ஆபிரிக்கர் போன்று கூட்டாக மறுத்தும் கேட்டும் இடம்பெறும் இயக்கம். முன்னையதைக் கண்டு உதைபந்தாட்டத்தையே ஒதுக்குவது பின்னையதையும் சேர்த்து ஒதுக்குவதாகும்.

நம் பிரதேசத்தைப் பொறுத்தவரை இதன் நடைமுறைப் பொருள் தெளிவானது. உலகக் கிண்ணத்தில் இலங்கை ஆடவேண்டும் என்பது தொலைவான ஆசை. வவுனியா வடக்கின் பாடசாலைப் பிள்ளைக்கு ஆண்டில் இருபது ஒழுங்கான ஆட்டங்கள் கிடைக்கவேண்டும் என்பது இன்றே கேட்கக்கூடிய கோரிக்கை. அதற்குத் தேவையானவை, கிராமத்துக்குரிய வெளி தனியார்க்கோ படைக்கோ போகாமல் பொதுவாய் இருத்தல், மாவட்ட லீக்குகளின் ஆட்டங்கள் நகரை விட்டுக் கிராமங்களுக்கும் வருதல், பிள்ளைகளுக்குப் பேருந்துச் செலவு, பெண்பிள்ளைகளுக்கும் அதே மைதானம் என்பனவே. 1928இற் பிணக்காய் நின்ற இழந்த கூலிக்கான ஈடு என்னும் பிரச்சினை, மாலையில் ஆடுவதா கூலிக்குப் போவதா என வினவும் வன்னி இளைஞனிடம் இன்றும் தீராது நிற்கிறது.

ஆய்வாளருக்கும் ஒரு கடமை உண்டு. வன்னியின் விளையாட்டுக் கழகங்களின் கூட்டக் குறிப்பேடுகளும் நிழற்படங்களும் கிண்ணங்களும் தொடர்ந்த இடப்பெயர்வுகளிற் பெரிதும் அழிந்தன. எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு. எந்த வயலில் ஆடினர், பந்து எங்கிருந்து வந்தது, யார் சேர்க்கப்பட்டனர், எந்தச் சாதியார் தள்ளி நிறுத்தப்பட்டனர், ஆட்டம் எந்த ஆண்டு நின்றது என்பனவற்றை அவர்களிடம் கேட்டுப் பதிதல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தம் மாணவரை அவர்தம் ஊர்களுக்கே அனுப்பிச் செய்யக்கூடிய பணி இது; கனகராயன்குளத்திலிருந்து அதனைத் தொடங்கலாம்.